அபூர்வமான அரபு ஆண் பெயருக்குப் பொருளும் வேரும் கண்டுபிடிப்பது எப்படி?

கரீம், ரஷீத், ஜமால் என்றால் யாரைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவார்கள். முஸ்அப், மிக்தாத், ஹன்ளலா, துமாமா என்று ஒரு பெயர் வரும்போதுதான் சிக்கல். இணையத்தில் தேடினால் எல்லாத் தளங்களிலும் ஒரே வரி, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுத்துப் போட்டது. ‘வீரன்’, ‘அழகானவன்’, ‘உயர்ந்தவன்’ என்று எந்தப் பெயருக்கும் ஒட்டிக்கொள்ளும் ஒரு சொல், கீழே அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்ட நிறம். வாழ்நாள் முழுக்க ஒருவர் கூடவே வரப்போகும் பெயருக்கு இது போதாது. அரபு தெரியாதவர்கூடக் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் இதைவிட நல்ல பதிலைத் தானே கண்டுபிடித்துவிடலாம். முஸ்அப் என்ற பெயரை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், இடையில் வேறு பெயர்களும் வரும்.

முதல் வேலை, அந்தப் பெயர் அரபு எழுத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்வது. பாதிக்கு மேற்பட்ட வேலை இதுதான். தமிழ் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ கையில் வைத்துக்கொண்டு பொருள் தேடவே தேடாதீர்கள். அரபியில் 28 எழுத்துகள். அவற்றில் பல நம் காதுக்கு ஒரே மாதிரி கேட்பவை, தமிழில் எழுதினால் ஒரே எழுத்தாகிப் போகிறவை. ‘நஸீர்’ என்ற பெயரையே பாருங்கள். நடுவில் ஸாத் என்ற எழுத்து இருந்தால் உதவி செய்பவர். நுனிநாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் தால் இருந்தால் எச்சரிக்கை செய்பவர். ளா இருந்தால் நிகரானவர், இணையானவர். ளாத் இருந்தால் செழிப்பும் பொலிவும் உள்ளவர். நான்கும் தனித்தனி வேர், தனித்தனிப் பெயர். உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதியின் புனைபெயர் ளா போட்டது. உருது நாவலாசிரியர் டெப்டி நஸீர் அகமதுவின் பெயர் தால் போட்டது. தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் நஸீர்தான்.

காஸிம் என்ற பெயரும் அப்படியே. தொண்டையின் அடியிலிருந்து வரும் காஃபும் ஸீனும் சேர்ந்தால் பங்கிட்டுக் கொடுப்பவர். நபிகளின் மகன் ஒருவருக்கு இந்தப் பெயர், அதனால்தான் நபிகளுக்கு அபுல் காஸிம் என்ற அழைப்பு வந்தது. சாதாரணக் காஃபும் ளாவும் சேர்ந்தால் கோபத்தை விழுங்கி அடக்கிக்கொள்பவர். 799-இல் இறந்த இமாம் மூஸா அல்-காளிமின் பெயர் இது. அலீம் என்று எழுதும்போது முதலெழுத்து ஐன் என்றால் நன்கறிந்தவர், வெறும் அலிஃப் என்றால் ‘வேதனை தருவது’. ஒரே ஒரு எழுத்துதான், பொருள் எங்கே போய்விட்டது பாருங்கள்.

சரி, அரபு எழுத்து எப்படிக் கிடைக்கும்? பெயர் வைத்தவர் இருந்தால் அவரிடமே போய், அவர் கையாலேயே அரபியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம், எழுதியே வாங்குங்கள். அவர் இல்லையென்றால் பழைய கடிதம், குடும்பக் குறிப்பேடு, கல்வெட்டு, அரபு நாட்டில் வாங்கிய ஆவணம் என்று அந்தப் பெயர் அரபு எழுத்தில் இருக்கக்கூடிய எதையும் தேடிப் பாருங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்து, எது பெயராகப் புழங்கியிருக்கிறது என்று கழித்துக்கொண்டே வர வேண்டியதுதான். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் வேர் பெரும்பாலும் மாட்டிவிடும்.

இந்த இடத்தில் தமிழ் எழுத்து கைவிடாமல் உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. உதுமான், உஸ்மான் இரண்டும் ஒரே பெயர். அரபியில் அதில் வரும் எழுத்தை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். பாரசீகத்திலும் உருதுவிலும் துருக்கியிலும் அது வெறும் ‘ஸ’ ஆகிவிட்டது. ‘உதுமான்’ என்று எழுதிய தமிழ்க் காது அரபு ஒலியை நேரே பிடித்திருக்கிறது, ‘உஸ்மான்’ பாரசீகம், உருது வழியாக வந்த உச்சரிப்பு. ரமலான், ரம்ஜான் என்ற வேறுபாடும் இதே கதைதான். ரிழ்வான், ரிள்வான், ரிஸ்வான், ரித்வான் எல்லாம் ஒரே பெயர், ளாத் என்ற ஒரே எழுத்தை ஆளுக்கொரு விதமாகக் கேட்டு எழுதியது. ஆகவே பழைய தமிழ் எழுத்தில் ‘ழ’, ‘ள’, ‘ல’ எதிர்பாராத இடத்தில் வந்தால் அங்கே ளாத் அல்லது ளா இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ’ வரவேண்டிய இடத்தில் ‘த’ வந்தாலும் அது பிழை என்று அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். நமக்கு வேண்டிய தடயமே அதுதான்.

வேறு நாடுகளின் எழுத்து வழக்கமும் தெரிந்திருந்தால் நல்லது. துருக்கியில் முஹம்மது மெஹ்மத் ஆகும், அன்வர் என்வர் ஆகும். எகிப்தில் ஜமால் கமால் என்று ஒலிக்கும், முதலில் வருவது ‘கண்ணன்’ என்பதில் வரும் ‘க’ இல்லை, ‘கங்கை’ என்பதில் இரண்டாவதாக வரும் ‘க’. மேற்கு ஆப்பிரிக்காவில் முஹம்மது மாமாடு, உதுமான் உஸ்மான். ஹவுசா மொழியில் ஸானி என்றால் அரபியின் ‘இரண்டாவது’, லாவல் என்றால் ‘முதலாவது’. பிரெஞ்சு வழியாக வந்த பெயர் என்றால் ‘ஷ’ இருக்கும் இடத்தில் ‘ச்ச’ என்று படிக்கத் தோன்றும் எழுத்து இருக்கும். பெயர் எந்த ஊர் வழியாகப் பயணப்பட்டது என்று தெரிந்தால் பாதி மர்மம் அவிழ்ந்துவிடும்.

அப்புறம் பெயரின் மேலே ஒட்டியிருப்பதை உரிக்க வேண்டும். ‘அப்துல்’ தனிப் பெயர் கிடையாது. ‘அப்து’ என்றால் அடியார், ‘அல்’ என்பது அடுத்து வரும் இறைத் திருநாமத்தோடு சேர்ந்தது. அப்துல் கரீமைப் பாதியில் வெட்டினால் பொருள் பாதியில் நிற்கும். ‘உத்தீன்’ என்று முடிந்தால் ‘தீன்’, அதாவது மார்க்கம், அதற்கு முன்னால் இருப்பதே பெயரின் உயிர். முகைதீன், மொகிதீன், மைதீன் எல்லாம் ‘முஹ்யித்தீன்’ தேய்ந்து வந்தவை, மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பொருள். ‘அபு’ என்று தொடங்கினால் தந்தை, ‘இப்னு’ என்றால் மகன். கடைசியில் நீண்ட ‘ஈ’ ஒலி வந்தால் அது பெரும்பாலும் ஊரையோ குலத்தையோ வழியையோ குறிக்கும் ஒட்டு. ஜீலானி என்றால் ஜீலான் என்ற ஈரானியப் பகுதியைச் சேர்ந்தவர், திர்மிதி என்றால் திர்மித் நகரத்தவர். இவற்றுக்கு ‘மென்மையானவர்’, ‘வலிமையானவர்’ என்று பொருள் எழுதும் தளங்கள் உண்டு, அவற்றை விட்டு விலகிவிடுங்கள்.

அடுத்த கேள்வி: பெயர் உண்மையில் அரபுதானா? முஸ்லிம்கள் வைக்கும் பெயர் எல்லாம் அரபு இல்லை. ஃபிரோஸ், பர்வேஸ், ஜம்ஷீத் பாரசீகம். அர்ஸலான், தைமூர் துருக்கி. இப்ராஹீம், இஸ்மாயீல், யூஸுஃப் எல்லாம் அரபிக்கு முந்தைய செமிட்டிக் மொழிகளிலிருந்து வந்தவை. இத்ரீஸ் என்ற பெயரைப் ‘படித்தல்’ என்று பொருள்படும் அரபு வேரோடு முடிச்சுப் போடுவது நெடுங்கால வழக்கம், ஆனால் பழைய அரபு இலக்கணக்காரர்களே அதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் சுவையானது. அரபிப் பெயர் என்றால் அதன் கடைசியில் ‘உன்’, ‘இன்’ என்ற நூனேற்றம் வரும். பிறமொழிப் பெயர்களுக்கு அது வராது. இத்ரீஸுக்கு வரவில்லை, எனவே அது வெளியிலிருந்து வந்தது. நூஹ், லூத் போல மூன்றெழுத்துச் சிறிய பெயர்கள் இதற்கு விதிவிலக்கு. உமர், அஹ்மத், தல்ஹா போன்ற அசல் அரபுப் பெயர்களும் வேறு காரணங்களால் நூனேற்றம் ஏற்காதவை, அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லிவிட முடியாது.

இப்போது வேருக்கு வருவோம். அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளின் மேல் கட்டப்பட்டவை. அந்த மூன்றும் வேர், அவற்றை வைத்து வார்க்கும் அச்சு வேறு. ஹா, மீம், சாதாரணத் தால் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், புகழ்தல் என்பது பொருள். ஹாமித் என்றால் புகழ்பவர். ஹமீத் என்றால் புகழுக்கு உரியவர். மஹ்மூத் புகழப்பட்டவர். ஹம்மாத் ஓயாமல் புகழ்பவர். அஹ்மத் என்பது மிகுதியைக் காட்டும் அச்சு. முஹம்மத் என்றால் மீண்டும் மீண்டும் புகழப்பட்டவர். வேர் தெரிந்தால் வீடு தெரியும், அச்சு தெரிந்தால்தான் அந்த வீட்டில் யார் என்று தெரியும். பெயர்ப் பட்டியல்கள் இங்கேதான் சறுக்குகின்றன. வேரின் பொருளை அப்படியே எடுத்துப் பெயரின் பொருளாகப் போட்டுவிடுகின்றன.

சில அச்சுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பெரும்பாலான ஆண் பெயர்களுக்கு வழி கிடைத்துவிடும். முதலெழுத்துக்குப் பின் நீண்ட ‘ஆ’ வந்து அடுத்தது ‘இ’ என்றால் (நாஸிர், ஹாமித்) செய்பவர். ‘ம’வில் தொடங்கி ‘ஊ’ வந்தால் (மன்ஸூர், மஸ்ஊத்) செய்யப்பட்டவர். உ-ஐ என்ற ஓசை வந்தால் (ஹுஸைன், ஜுனைத், ஸுஹைப்) சிறுமை, அன்பு காட்டும் அச்சு. ‘மு’வில் தொடங்குபவைதான் கவனம் கேட்பவை. முக்ரிம் என்றால் கண்ணியப்படுத்துபவர், முக்ரம் என்றால் கண்ணியப்படுத்தப்பட்டவர். ஒரே ஒரு உயிர்க்குறி வித்தியாசம். இன்னொரு தொல்லை, வேரில் வாவ், யா என்ற எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது அச்சுக்குள் மறைந்துவிடும். முஆத் என்ற பெயரில் ஐனும் பல்லிடுக்கில் சொல்லும் தாலும்தான் கண்ணுக்குத் தெரியும், நடுவில் வாவ் ஒளிந்திருக்கிறது; அடைக்கலம் கொடுக்கப்பட்டவர் என்று பொருள். மூன்றாவது எழுத்து கிடைக்காமல் திணறினால் நடுவிலோ கடைசியிலோ வாவ், யா இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

முஸ்அபுக்கு வருவோம். ‘மு’வை எடுத்துவிட்டால் ஸாத், ஐன், பா. வேரின் பொருள் கடினம், எளிதில் வசப்படாமை. இணையத்தில் ‘கடினமானவன்’ என்று போட்டிருப்பது இதைத்தான், அத்தோடு நின்றுவிட்டார்கள். ஆனால் அச்சு முக்ரம் போன்றது, செய்யப்பட்டவர் என்ற அச்சு. என்ன செய்யப்பட்டவர்? இதற்குப் பதில் பழைய அகராதியில்தான் இருக்கிறது. முஸ்அப் என்பது யாரும் ஏறாமல், கயிறு கட்டாமல், சுமை ஏற்றாமல் விட்டுவைத்த ஆண் ஒட்டகம். மந்தையின் வித்துக்கென்று தனியாகக் காக்கப்பட்டது. அதிலிருந்து, பிறர் தலைவராக ஏற்ற மனிதருக்கும் அந்தச் சொல் போனது. பாலைவனத்தில் ஒட்டகத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெருமையான சொல்லாக இருந்திருக்கும்! ‘கடினமானவன்’ என்ற ஒற்றைச் சொல்லில் இது எதுவுமே இல்லை.

எந்த அகராதி என்று கேட்பீர்கள். அரபி படிக்கத் தெரிந்தவர் துணை இருந்தால் இப்னு மன்ளூரின் லிஸானுல் அரப். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தவர் அவர், அதற்கு முந்தைய பெரிய அகராதிகளைத் திரட்டி வைத்தவர். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதன் பழைய பதிப்புகள் வேரின் கடைசி எழுத்துப்படி அடுக்கப்பட்டவை. முஸ்அபை ‘பா’ பகுதியில் போய், அதற்குள் ‘ஸாத்’தில் தேட வேண்டும். இது தெரியாமல் தேடிவிட்டு அந்தச் சொல்லே இல்லை என்று மூடிவைத்துவிடுகிறவர்கள் நிறைய. ஆங்கிலம் போதும் என்றால் எட்வர்ட் லேனின் அகராதி, 1863 முதல் 1893 வரை வெளிவந்தது, இணையத்தில் வேரைத் தட்டினாலே திறக்கும். லேன் 1876-இலேயே இறந்துவிட்டதால் கடைசி எழுத்துகளுக்கு முழுமையான பதிவுகள் இல்லை, அவர் விட்டுப்போன குறிப்புகள்தான். நூனில், மீமில் தொடங்கும் வேர் என்றால் லேனில் குறைவாகத்தான் கிடைக்கும். ஹான்ஸ் வேரின் அகராதி நல்லது, ஆனால் அது இன்றைய அரபிக்கு; ஒட்டகமும் முட்செடியும் அதில் பெரும்பாலும் இருக்காது, பழைய பெயர்களுக்கு அவைதான் வேண்டும். கைபேசியில் அரபு விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு வேரின் மூன்று எழுத்துகளையும் நீங்களே தட்டிப் பழகிவிடுங்கள். வெட்டி ஒட்டும்போதுதான் தவறு நுழைகிறது.

பெயரின் உயிர்க்குறியையும் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அரபு எழுத்தில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. அலிஃப், ஸீன், யா, சாதாரணத் தால் என்ற ஒரே எழுத்து வரிசையை உஸைத் என்றும் படிக்கலாம், அஸீத் என்றும் படிக்கலாம். மதீனாவின் நபித்தோழர் உஸைத் இப்னு ஹுளைர். மக்காவின் ஆளுநராக இருந்தவர் அத்தாப் இப்னு அஸீத். எழுத்தில் இரண்டும் ஒன்று. ஹதீஸ், அதாவது நபிமொழி, அறிஞர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது, அதை அறிவித்தவர் யார் என்பதே மாறிவிடுமே. அதனால் இப்படி ஒரே மாதிரி எழுதி வேறாக உச்சரிக்கும் பெயர்களுக்கென்றே தனி நூல்கள் எழுதினார்கள். 995-இல் இறந்த தாரகுத்னியும் அவர்களில் ஒருவர். அபூர்வப் பெயருக்கு இந்த வகை நூல்களைப் போல் நம்பகமானது வேறில்லை.

பொருள் கிடைத்ததும், அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களைத் தேடுங்கள். 1449-இல் இறந்த இப்னு ஹஜரின் அல்-இஸாபா நபித்தோழர்களைப் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறது, தேடுவது எளிது. முஸ்அப் இப்னு உமைர் மக்காவில் செல்வக் குடும்பத்து இளைஞர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இஸ்லாத்தை ஏற்றவர். ஹிஜ்ரத்துக்கு, அதாவது நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததற்கு, முன்பே மதீனா மக்களுக்குக் குர்ஆன் கற்பிக்க அனுப்பப்பட்டவர். 625-இல் உஹத் போரில் கொடியைப் பிடித்தபடி கொல்லப்பட்டார். உடலைப் போர்த்திக் கஃபனிட ஒரே துணிதான் இருந்தது; தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. இன்று ஒருவர் தன் மகனுக்கு முஸ்அப் என்று பெயர் வைக்கிறார் என்றால் ஒட்டகத்தை நினைத்து வைப்பதில்லை, இவரை நினைத்துத்தான் வைக்கிறார். ஆகவே ‘பெயரின் பொருள் என்ன’ என்பதற்கு இரண்டு பதில் உண்டு, சொல்லின் பொருள் ஒன்று, பெயரைச் சுமந்தவர் தந்த பொருள் இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள். அபூர்வப் பெயர்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் கனமானது.

‘இது குர்ஆனில் வரும் பெயர்’ என்று யாராவது சொன்னால் சொல்லாக வருகிறதா, ஆளின் பெயராக வருகிறதா என்று பாருங்கள். நபித்தோழர்களில் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஸைதை மட்டும்தான், 33-வது அத்தியாயம் 37-வது வசனம். ஸஃப்வான் என்ற சொல் 2:264-இல் இருக்கிறது, ஆனால் அங்கே அது மேலே கொஞ்சம் மண் படிந்த வழுக்குப் பாறை. அந்த வசனத்தில் வருவதால் பெயர் உயர்ந்துவிடுவதும் இல்லை, தாழ்ந்துவிடுவதும் இல்லை.

கிடைத்த பொருள் கசப்பாக இருந்தால் பதற வேண்டாம். ஹன்ளலா என்றால் ஆற்றுத்தும்மட்டி, வாயில் வைக்க முடியாத கசப்பு. துமாமா ஒரு வகைப் புல். இக்ரிமா பெண் புறா. தல்ஹா முள்மரம். பழைய அரபுகள் சுற்றிலும் கண்டதைப் பெயராக வைத்தார்கள், எதிரிக்குக் கடினமாக இருக்கட்டும் என்றே சிலவற்றைத் தேர்ந்தார்கள். இப்படிப்பட்ட பெயர்களுக்குப் பொருளே இல்லை என்று குறை சொன்னவர்களுக்குப் பதிலாகத்தான் 933-இல் இறந்த இப்னு துரைத் பெயர்களின் வேர்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். மேலே சொன்னவை எல்லாம் ‘ஆ’வில் முடிகின்றன, அதனால் பெண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், ஹம்ஸா, உஸாமா போல அசல் ஆண் பெயர்கள்.

நபிகள் சில பெயர்களை மாற்றியதும் உண்டு, மாற்றச் சொல்லி ஏற்காதவரும் உண்டு. ஹஸ்ன், அதாவது கரடுமுரடான நிலம் என்ற பெயருடைய ஒருவரிடம் ‘நீர் ஸஹ்ல்’, சமநிலம், என்றார்கள். என் தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தொடர்ந்தே வந்தது என்று அவருடைய பேரன் ஸயீத் இப்னுல் முஸய்யப் பின்னாளில் சொன்னது புகாரியின் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பொருள் பிடிக்காமல் பெயரை மாற்ற நினைப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கடைசியாக, கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதி வைத்துவிடுங்கள். அரபு எழுத்தில் பெயர், எல்லா உயிர்க்குறிகளோடும். வேரின் மூன்று எழுத்துகள். அச்சு. அகராதி சொல்லும் பொருள், ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாமும். ஹம்ஸா போன்ற பெயருக்குச் சிங்கம், காரமான ஒரு செடி, உறுதி என்று பல விளக்கம் உண்டு, பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்க வேண்டாம். யார் நினைவாக வைத்தது என்பதும், யார் வைத்தது என்பதும். தமிழில் எந்த எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்து எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். முஸ்அப் என்று நடுவில் ‘அ’ வைத்து எழுதினால் அந்த இடத்தில் ஐன் இருப்பது தெரியும். முசாப் என்று எழுதிவிட்டால் அடுத்த தலைமுறையில் தேடுபவர் மறுபடியும் 28 எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.